படிவத்தில் எழுதாத தண்ணீர்

குடும்பத்தில் அவளுக்குப் 'பாயிண்ட்டு' என்று பெயர். நாத்தனாரின் கணவர் கேலிக்கு வைத்தது, நிலைத்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்டால் மற்றவர்கள் "லேசா சுடுது" என்பார்கள். இவள் "தொண்ணூத்தொம்பது பாயிண்ட் நாலு" என்பாள். என்ன செய்வது, வேலை அப்படி. குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாகத் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து, புள்ளி வைக்காமல் பேசவே வாய் வராமல் போய்விட்டது. கேலி செய்தால் கோபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாளே தவிர, உள்ளுக்குள் அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமை ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மண்ணைக் கவ்வியது.

அன்றைக்கு வரிசையில் முப்பத்திரண்டு பாட்டில்கள். எல்லாவற்றிலும் ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்த்து மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். ஃப்ளோரைடு ஒரு விசித்திரமான சரக்கு. துளி இருந்தால் பல்லைக் காக்கும், கூடிப்போனால் அதே பல்லைக் கெடுக்கும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அளக்கிற மீட்டரைச் சரிபார்ப்பதற்கென்று மேசையில் கரைசல் குப்பிகள் இருக்கின்றன. பாயிண்ட்டு முதலில் அவற்றை வைத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகு தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் ஒரு குவளையில் ஊற்றி வைத்துப் பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்காத, அவளாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். வீட்டுத் தண்ணீர் எப்போதும் 0.2. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கை ஓடும்.

அன்று வீட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைச் சமையல் மேடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். பையைத் துழாவினால் மகளுடைய மஞ்சள் பாட்டில் அகப்பட்டது. முந்தின நாள் மாலை மகளைக் கூட்டி வரும்போது வாங்கித் தன் பையில் போட்டது, பாதி மிச்சம் இருந்தது. இதுவும் நம் வீட்டுத் தண்ணீர்தானே, நேற்றுக் காலை நானே பிடித்து மூடியதுதானே என்று அதையே ஊற்றினாள்.

மீட்டர் 2.4 என்றது.

"இது என்னடா கூத்து" என்று வாய்விட்டே சொன்னாள். மீட்டரின் முனையைக் கழுவித் துடைத்து மறுபடி முக்கினாள். 2.4. குவளையை மாற்றினாள். 2.4. மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று கரைசல் குப்பியைத் திறந்து பார்த்தால், 1.0 காட்ட வேண்டிய இடத்தில் சொல்லி வைத்த மாதிரி 1.0 காட்டுகிறது. திரும்பவும் மஞ்சள் பாட்டில். திரும்பவும் அதே எண். முப்பத்திரண்டு பாட்டில்களும் வரிசையில் காத்துக்கொண்டிருக்க, இவள் ஒரே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் மூத்தவர், ஓடுகிற பஸ்ஸைக்கூட நடந்துதான் பிடிப்பார், அதனால் 'நிதானம்' என்று பெயர்.

"என்னம்மா, காலைலயே மீட்டரோட மல்லுக்கட்டுற?"

"பாருங்கண்ணே, எங்க வீட்டுத் தண்ணிக்கு ரெண்டு பாயிண்ட் நாலு காட்டுது. இதுக்கு என்னவோ ஆயிடுச்சு."

"கரைசல் சரியாக் காட்டுதுல்ல?"

"காட்டுது."

"அப்போ மீட்டர் மேல பழி போடாதே. தண்ணி எப்பப் பிடிச்சது?"

"நேத்துக் காலைல. என் பொண்ணோட பாட்டில்."

நிதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார். அவர் ஒரு கேள்வி கேட்பதற்குள் இரண்டு பேர் பிறந்து வளர்ந்துவிடலாம். "குழந்தை நாள் பூரா இத்தனூண்டு பாட்டிலை மட்டுமா வெச்சுக் குடிக்கும்? நடுவுல யாராவது ரொப்பிக் குடுத்திருப்பாங்கல்ல?"

பாயிண்ட்டு மஞ்சள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள்.

நாத்தனார் வீடு. மகள் சிட்டுவுக்கு இப்போது ஐந்தரை வயது. ஒன்றரை வயதிலிருந்து பகலெல்லாம் அவள் அங்கேதான். இப்போது பள்ளி பாதி நாள்தான்; மதியம் வந்ததிலிருந்து மாலை வரை அத்தை வீட்டில் சாப்பாடு, அத்தை வீட்டில் தூக்கம், அத்தை வீட்டில் தண்ணீர். நாத்தனார் வீடு இருப்பது ஊர்க் கோடியில் குழாய் போகாத தெருவில். அவர்களுடைய தண்ணீர் சொந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சொந்தக் கிணறு ஆய்வுக்கூடத்துப் பட்டியலில் வராது. பட்டியலில் வராத தண்ணீர் பாயிண்ட்டின் நினைப்பிலும் வரவில்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஏனென்றால் அந்தத் தண்ணீரோடு விஷயம் முடியவில்லை. அதற்கு மேல் மாத்திரை வேறு.

மாத்திரைக் கதை பதினாலு மாதத்துக் கதை. பாயிண்ட்டுக்குச் சின்ன வயதிலேயே பல் போயிற்று. இருபத்தைந்து முடிவதற்குள் நாலு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதியவள். தான் பட்டதைத் தன் பிள்ளை படக்கூடாது என்பதில் அவள் வெறியாகவே இருந்தாள். சிட்டுவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது அந்தம்மா ஒரு படிவத்தைக் கொடுத்தார். 'குழந்தை குடிக்கும் தண்ணீர் எது? அதில் ஃப்ளோரைடு அளவு தெரியுமா?' என்று ஒரு கேள்வி. எல்லாரும் வெறுமனே விட்டுவிடுகிற கட்டம் அது. இவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. 'வீட்டுக் குழாய், 0.21' என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டாள். "இவ்வளவு துல்லியமா இதுவரைக்கும் யாரும் எழுதினதே இல்லம்மா" என்று டாக்டரம்மா மெச்சினார். தண்ணீரில் குறைவாக இருப்பதால் ஃப்ளோரைடு மாத்திரை தினம் ஒன்று கொடுக்கலாம் என்றார்.

நாத்தனார்தான் முட்டுக்கட்டை போட்டாள். குடும்பம் மொத்தமும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நோய் நொடி இல்லாத பிள்ளைக்கு எதுக்குடி மாத்திரை? ஒழுங்காப் பல்லு தேய்ச்சுவிட்டாப் போதாதா?" என்று கேட்டாள். பாயிண்ட்டுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பதில் சொல்லக் காரணமா இல்லை, வண்டி வண்டியாக இருந்தது. அத்தனையும் விட்டுவிட்டு அவள் வாயில் வந்தது வேறு.

"பல்லைப் பத்தி நீங்க பேசாதீங்கக்கா. ஒழுங்காத் தேய்க்கிற லட்சணத்தை உங்க பொண்ணு பல்லுல பாத்தாலே தெரியுதே!"

நாத்தனார் மகள், வீட்டில் 'பெரியவள்' என்று கூப்பிடுகிற பெண், அப்போது பத்து வயது, எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை, நடுநடுவே சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைத் திட்டு. யாரோ சிரித்தார்கள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். மாத்திரை ஜெயித்தது.

இப்போது மீட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த பாயிண்ட்டின் கண்ணுக்கு முன் அந்தப் பற்கள் வந்து நின்றன. பழுப்புக் கறை, வெள்ளைத் திட்டு. இதற்கு என்ன பெயர் என்று எத்தனை பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்! ஃப்ளோரைடு கூடிய தண்ணீரைக் குழந்தையிலிருந்து குடித்தால் முளைக்கிற பல்லில் வருகிற கறை. ஊர் உலகத்துக்கெல்லாம் ஃப்ளோரைடு அளக்கிறவள், சிட்டுவைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் கண்ணெதிரே பார்த்துவிட்டு, பல் தேய்க்காத பெண் என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் நிதானம்.

"ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவை எடுத்தார். இவள் மூச்சு விடாமல் கொட்டியதை அவர் முழுக்கக் கேட்டார்.

"மாத்திரையை இன்னையோட நிறுத்திடுங்க. அந்தத் தண்ணியும் வேண்டாம். மாத்திரை தப்பு இல்லம்மா, எல்லாத் தண்ணியையும் சேத்துக் கணக்குப் பாத்திருக்கணும். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், பகல்ல குழந்தை எங்க இருக்குன்னு."

"பல்லு கெட்டுடுமா டாக்டர்?"

"பால் பல்லுல பெரும்பாலும் தெரியாது. அடுத்து முளைக்கிற பல்லு இப்ப ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கு. அது வெளிய வந்தாத்தான் சொல்ல முடியும்."

"எப்ப வரும்?"

"முன்பல்லு இன்னும் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துல. மத்ததெல்லாம் பன்னண்டு வயசு வரைக்கும் ஒண்ணொண்ணா வரும். பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணுமில்ல. வந்தாலும் வைத்தியம் இருக்கு."

பயப்படாதீங்க என்று சொல்வது எவ்வளவு சுலபம். பன்னிரண்டு வயது வரைக்கும் ஒவ்வொரு பல்லாக எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். எதையும் அளந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறவளுக்கு, அளக்க முடியாத இடத்தில், பிள்ளையின் ஈறுக்குள் போய் விடை ஒளிந்துகொண்டது. மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் கையால் எண்ணி வாயில் போட்டவளும் அவளேதான்.

உள்ளே வந்து முப்பத்திரண்டு பாட்டில்களையும் ஒரு வழியாக முடித்தாள். எந்தக் குவளையில் எதை ஊற்றினோம் என்று சந்தேகம் வந்து பதினெட்டாவதையும் பத்தொன்பதாவதையும் மறுபடி செய்தாள். இடையில் ஒரு குறுக்குப் புத்தியும் எட்டிப் பார்த்தது. இதை ஏன் யாரிடமாவது சொல்ல வேண்டும்? மாத்திரையைச் சத்தம் போடாமல் நிறுத்திவிடலாம். 'இனிமே இந்தப் பாட்டில் தண்ணி மட்டும்தான் குடிக்கணும்' என்று பெரிய பாட்டிலாகக் கொடுத்து அனுப்பலாம். புருஷன் பஸ் ஓட்டிவிட்டு வந்து படுத்தால் எதையும் கேட்கப்போவதில்லை. மீட்டருக்கு வாய் இல்லை. நிதானத்துக்கு வாய் இருந்தாலும் அது திறக்க ஒரு வாரம் ஆகும். வெளியே சொன்னால், அத்தனை பேர் முன்னால் பேசிய பேச்சை அப்படியே திருப்பி விழுங்க வேண்டும்.

ஆனால் சொல்லாவிட்டால் நாத்தனார் வீட்டில் அதே தண்ணீரைத் தினமும் குடிப்பார்கள். பெரியவள் பல் தேய்க்காதவள் என்ற பெயரோடேயே வளர்வாள். இரண்டு மணிக்கு அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீர் பிடிக்க இரண்டு காலி பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் இருப்புக் கொள்ளவில்லை. எதிர் இருக்கையில் ஒரு குழந்தை பல்லைக் காட்டிச் சிரித்தது, இவள் அதன் பல்லையே உற்றுப் பார்த்ததில் அது பயந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இறங்க வேண்டியதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கதவருகில் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் உருப்படியாக இல்லை.

நாத்தனார் தையல்காரி. முன்னறையில் தையல் மெஷின், சுற்றிலும் பள்ளிச் சீருடைகள் மலை மலையாகக் கிடக்கும். பாயிண்ட்டு உள்ளே நுழைந்தபோது நாத்தனார் பல்லுக்கிடையில் ஊசியைக் கடித்துக்கொண்டு ஒரு சட்டைக் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் சிட்டு நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பெரிய டம்ளரைப் பிடித்து மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பாயிண்ட்டு என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. பாய்ந்து போய் டம்ளரைப் பிடுங்கினாள். தண்ணீர் சிட்டுவின் சட்டையெல்லாம் கொட்டியது. பிள்ளை வீல் என்று கத்தியது.

நாத்தனார் ஊசியை எடுத்துவிட்டு எழுந்தாள். "பைத்தியம் கிய்த்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? தாகத்துக்குத் தண்ணி குடிக்கிற பிள்ளைகிட்டப் போயி!"

"அக்கா, இந்தத் தண்ணி வேண்டாங்க்கா."

"ஏன், என் வீட்டுத் தண்ணிக்கு என்ன?"

"இதுல ஃப்ளோரைடு ஜாஸ்தி. ரெண்டு பாயிண்ட்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "ரொம்ப ஜாஸ்தி. சிட்டு பாட்டில்ல இருந்ததை இன்னைக்குப் பாத்தேன். நான் மாத்திரை வேற குடுத்துட்டு இருந்தேன். ரெண்டும் சேந்து போயிருக்கு."

நாத்தனார் சேலைத் தலைப்பால் சிட்டுவைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டாள். "மாத்திரை வேண்டாம்னு நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே."

"சொன்னீங்க. ஆனா நீங்க சொன்ன காரணம் வேறக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வழக்கு ஜெயிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

"காரணம் எதுவா இருந்தா என்ன? நீ குடுத்த மாத்திரைக்குப் பழி போட என் கிணறா கிடைச்சுது? பன்னண்டு வருஷமாக் குடிக்கிறோம். நான் குடிக்கிறேன், என் புருஷன் குடிக்கிறாரு. இந்த வீட்டுல யாருக்கு என்ன ஆச்சு சொல்லு? யாருக்கு என்ன ஆச்சு?"

அந்த நேரம் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. பெரியவள் பள்ளியிலிருந்து வந்து நின்றாள். இப்போது பதினொரு வயது, திடீரென்று வளர்ந்திருந்தாள். தன் அத்தையான பாயிண்ட்டைப் பார்த்ததும் லேசாகச் சிரிக்க வந்தவள், சட்டென்று கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். இந்த ஒரு வருடமாக இந்தப் பெண் இப்படித்தான் நிற்கிறாள் என்பது பாயிண்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கப்படுகிற வயசு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

"இவளுக்கு ஆச்சுக்கா" என்றாள் பாயிண்ட்டு.

நாத்தனார் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"இவ பல்லுல இருக்கிறது அழுக்கு இல்ல. இந்தத் தண்ணியால வந்தது. பல்லு ஈறுக்குள்ள இருக்கும்போதே வந்துடும். தேய்ச்சு வராது, தேய்க்காம விட்டதாலயும் வரல. இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என் வேலையே இதுதான்."

நாத்தனார் சேலைத் தலைப்பைக் கீழே விட்டாள். பேசியபோது குரல் அடங்கியிருந்தது, அதுதான் பாயிண்ட்டுக்குப் பயமாக இருந்தது.

"அன்னைக்கு நீ எல்லாரும் பாக்கச் சொன்னியே. வீட்டுக்கு வந்து இவளை அடிச்சேன். தெரியுமா உனக்கு? அன்னையிலேருந்து காலைல ஒரு தடவ, பொழுது சாய ஒரு தடவ, பக்கத்துல நின்னு தேய்க்க வெப்பேன். ரத்தம் வரும். வந்தாலும் விடமாட்டேன். லேபுல வேலை பாக்குறவளே சொல்லிட்டாளே, பொய்யா சொல்லுவான்னு நெனச்சேன்."

"தப்புக்கா. நான் சொன்னது தப்பு" என்றாள் பாயிண்ட்டு.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?" நாத்தனார் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தா நிக்கிறாளே, அவகிட்டச் சொல்லு."

பெரியவர்களுக்கு நடுவில் தன் பேச்சு அடிபடுவதை அந்தப் பெண் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. பாயிண்ட்டு அவள் எதிரில் போய், துணிக் குவியலைத் தள்ளிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இங்க பாரும்மா. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன் பல்லைப் பத்தி நான் பேசினேன்ல. அது பொய். நீ ஒழுங்காத்தான் தேய்ச்சிருக்கே. உன்மேல ஒரு தப்பும் இல்ல. தண்ணியோட கோளாறு அது. எனக்குத் தெரிஞ்ச விஷயம், பாத்தும் புரியாம உன்னைக் குத்தம் சொல்லிட்டேன். எல்லாரையும் கூட்டி வெச்சு நானே சொல்றேன், இந்த ஞாயித்துக்கிழமையே சொல்றேன். டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போறேன், இதுக்கு வைத்தியம் இருக்கு."

பெரியவள் கையை எடுக்கவில்லை. அவளுடைய கண் பாயிண்ட்டின் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நாத்தனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இன்னும் விசும்பிக்கொண்டிருந்த சிட்டுவிடம் போயிற்று.

"இவளும் இந்தத் தண்ணிதானே குடிச்சா" என்றாள், விரல்களுக்குப் பின்னாலிருந்து. "இவளுக்கும் இப்படி வருமா அத்தை?"

எத்தனையோ எண்கள் தெரிந்தவள். ஒரு எண்ணும் உதவிக்கு வரவில்லை. "தெரியலம்மா" என்றாள். "முளைச்சாத்தான் தெரியும்."

பெரியவள் யோசித்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, சிட்டுவின் ஈரச் சட்டையைப் பிழிந்துவிட்டாள். பிழிய இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"வந்துச்சுன்னா" என்றாள், "தேய்க்கலன்னு சொல்லி அவளை அடிக்காதீங்க அத்தை."

நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டு மெஷின் மேல் குனிந்தாள். பாயிண்ட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள்.